கண்டுகொள்ளாமை ஆணை

2019 மார்ச் 12ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, நெதர்லாந்தின் ஹார்மெர்வேன் நகரில், லைன்பான் தெரு 14ஆம் எண் வீடு அதே தெருவின் மற்ற வீடுகளைவிடப் பதினொரு சென்டிமீட்டர் தாழ்ந்திருப்பதாக நகராட்சி சர்வேயர் அளந்து குறித்துக்கொண்டார்.

வீட்டுக்காரி ஹெர்மா ஸ்லோட்வெக்குக்கு அது செய்தியே இல்லை. அந்தக் குளிர்காலத்தில் வாசற்கதவின் அடிப்பக்கத்தை அவளே இரண்டு முறை இழைத்திருந்தாள். சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்தால்தான் குளியலறைக் கதவு சாத்திக்கொள்ளும். ஏன் என்று கேட்கக் கூடாது. வீடு அப்படி ஒரு முடிவுக்கு வந்திருந்தது.

ஹெர்மாவுக்கு அறுபத்தொரு வயது. இருபத்தைந்து வருஷமாக ஊர்ப் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். எதிரே லாரி வரும்போதும் குரலை உயர்த்தாமல் "இப்ப பிரேக்கை மிதிக்கலாமே" என்று சொல்லக்கூடியவள். கணவன் ஸ்பெயினுக்கு விடுமுறை போய் அங்கேயே தங்கிவிட்ட பிறகு, மீதிக் கடனையும் அவளே அடைத்து இந்த வீட்டைத் தன் பெயருக்கு ஆக்கிக்கொண்டாள். கீழே அவள் குடியிருந்தாள். மாடி வாடகைக்கு. இதைத் தவிர அவளுக்கு ஒரு செங்கல்லும் இல்லை.

மாடியில் ஸ்டான்லி பினாஸ். சூரினாமில் பிறந்தவர். கப்பல் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுப்பில் கோழியும் கிழங்கும் வைத்து வேகவைத்தால் ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் பச்சையாக இருக்கிறது என்று கையில் தட்டோடு படியிறங்கி வந்தார்.

"ஹவுஸ் ஓனரம்மா, நாப்பது வருஷம் கப்பல்ல சமைச்சவன் நான். அங்க ஒரு பக்கம் சாஞ்சா அடுத்த நிமிஷம் மறுபக்கம் சாயும். ஒரு நியாயம் இருக்கும். உங்க வீடு ஒரே பக்கமா பிடிவாதம் பிடிக்குதே!"

"பிடிக்கலைன்னா காலி பண்ணிக்குங்க ஸ்டான்லி."

"எங்க போக? வீட்டுவசதி வாரிய வீட்டுக்குப் பதிஞ்சு வெச்சிருக்கேன். என் முறை வர்றப்போ எனக்கு நூத்தி மூணு வயசாகும்னு சொன்னாங்க. மாடிப்படி வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

ஹார்மெர்வேனில் நிலம் என்பது பேச்சுக்குத்தான். தோண்டினால் சதுப்பு. பழைய வீடுகள் எல்லாம் அந்தச் சதுப்பில் அடித்து இறக்கிய மரத்தூண்களின் மேல் நிற்கின்றன. தூண்கள் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் வரை எத்தனை தலைமுறைக்கும் கவலை இல்லை. தண்ணீர் இறங்கித் தூணின் தலை காற்றைப் பார்த்துவிட்டால் மக்கத் தொடங்கும். முந்தின கோடையில் மழை பெய்யவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் எப்போதோ கான்கிரீட்டுக்கு மாறிவிட்டார்கள். 14ஆம் எண் மட்டும் இரண்டு பக்கமும் ஆள் ஒருக்களித்து நுழைகிற சந்துகளுக்கு நடுவே, மரத்தை நம்பித் தனியாக நின்றது.

அஸ்திவாரம் பார்க்கிறவர் வந்து நடைக்கூடத்துத் தரைப்பலகையைப் பெயர்த்து உள்ளே இறங்கினார். கேக் வெந்துவிட்டதா என்று குத்திப் பார்ப்பதுபோல ஒரு கம்பியால் தூணைக் குத்தினார். கம்பி விரல் நீளத்துக்கு உள்ளே போயிற்று.

"தலை மட்டும்தாங்க போயிருக்கு," என்றார் கீழிருந்து. "தண்ணி தலைக்கு மேல நின்னா பத்து வருஷம்கூட ஓட்டலாம். இல்லன்னா ஒரு குளிர்காலம், மிஞ்சினா ரெண்டு. சீக்கிரம் கான்கிரீட் தூண் போட்டு வீட்டைத் தூக்கிடுங்க."

வங்கி கடன் தருவதாகச் சொன்னது. நகராட்சியின் பழுதுபார்ப்பு அனுமதியை மட்டும் கொண்டுவரச் சொன்னார்கள். ஒரே ஒரு முத்திரை. ஹெர்மா அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

நகராட்சியில் தெருமுகப்புப் பிரிவின் தலைவர் ஹோல்ட்ரோப் எழுந்து வந்து கைகொடுத்தார். காபி வந்தது. டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட்டை அவளுக்கு நீட்டிவிட்டு மூடினார்.

"ஹோல்ட்ரோப்னு எல்லாம் கூப்பிடாதீங்க மேடம். யோஸ்ட்னே கூப்பிடுங்க. முதல்ல உங்களைப் பாராட்டணும். நேர்ல வந்திருக்கீங்க. நிறையப் பேர் வீட்டைத் தாழ்த்திட்டு ஒளிஞ்சுக்கறாங்க."

"நான் தாழ்த்தலைங்க. அதுவா இறங்குது."

"அதுவான்னா?" யோஸ்ட் கனிவாகச் சிரித்தார். "வீடு சட்டப்படி ஒரு ஆள் கிடையாது மேடம். அதால எந்தக் காரியமும் செய்ய முடியாது. அது ஒண்ணு செஞ்சா, உரிமையாளர் செஞ்சதாத்தான் அர்த்தம்."

மேசைமேல் ஒரு பெரிய புகைப்படத்தை விரித்தார். லைன்பான் தெருவின் கூரை விளிம்புகள் ஒரே கோடாக ஓடின. பாதுகாக்கப்பட்ட கோடு. நடுவில் 14ஆம் எண், பல் விழுந்த மாதிரி இருந்தது.

"நேராவே சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இதைப் பாத்தப்போ எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. அதான் தூக்கறதுக்கு அனுமதி கேட்டு வந்தேன். பழைய உயரத்துக்கே கொண்டுபோயிடறேன்."

"தூக்கறதா?" யோஸ்ட் பிஸ்கட் டப்பாவை நகர்த்திவைத்தார். "பாதுகாக்கப்பட்ட கோட்டை மாத்த அனுமதி கிடையாதே!"

"மாறிப்போன கோட்டைத்தானே மறுபடி பழையபடி..."

"இப்ப இருக்கறதுதான் மேடம் கோடு. போன வாரம்தானே அளந்தோம்?"

ஹெர்மா காபியைக் குடித்தாள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் நுழைந்துவிட்டால், முதலில் வண்டியை நிறுத்தச் சொல்வாள். பிறகு மூச்சு விடச் சொல்வாள். இரண்டையும் செய்துகொண்டாள்.

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"செய்யணும்னு நாங்க சொல்றதே இல்லை. அதெல்லாம் அந்தக் காலம். இப்ப நகராட்சி உத்தரவு போடறதில்லை. கூட உக்காந்து யோசிக்குது. நான் உங்ககூட யோசிக்கறேன் மேடம். போன வருஷம் மட்டும் எங்க பிரிவு நானூறு குடிமக்களோட சேர்ந்து யோசிச்சிருக்கு. அதுல ஒருத்தர்கூட முடிவு என்னன்னு எங்களைக் கேட்டதில்லை."

அப்புறம் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தி, அவளுக்கு ஒரு கண்டுகொள்ளாமை ஆணை வாங்கித் தருவதாகச் சொன்னார்.

இந்த நாட்டில் பிறந்தவர்களுக்கு அந்த வார்த்தையின் அருமை தெரியும். ஒரு காரியம் சட்டப்படி கூடாது. ஆனால் அதைத் தடுத்தால் பெரிய தொந்தரவு. அப்போது அரசாங்கம் அதை அனுமதிப்பதும் இல்லை, தடுப்பதும் இல்லை. கண்டுகொள்வதில்லை என்று முறைப்படி கையெழுத்திட்டுக் கொடுத்துவிடும். காபிக்கடையில் கஞ்சா விற்பது அப்படித்தான். படகில் குடியிருக்கிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான். ஹெர்மாவின் அண்ணன் தோட்டத்தில் கட்டியிருக்கும் குடில், பட்டா எதுவும் இல்லாமல் அப்படி ஓர் ஆணையின் நிழலில்தான் இருபது வருஷமாக நிற்கிறது. கண்டுகொள்ளாமை கிடைத்துவிட்டால் பிழைத்தோம் என்று பொருள். வேறு நாட்டுக்காரராக இருந்தால் யோசித்திருப்பார். ஹெர்மா யோசிக்கவில்லை. அடுத்த வாரம் ஆணையை வாங்கிக்கொள்ளப் போனபோது பிரிவுக்கே ஒரு ஆப்பிள் கேக் சுட்டு எடுத்துப்போனாள்.

ஸ்டான்லி ஆணையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"நீங்க பண்றது தப்புன்னு சொல்லி, அந்தத் தப்பைப் பாக்க மாட்டோம்னு எழுதிக் குடுத்திருக்காங்களா?"

"ஆமா. பத்து வருஷத்துக்கு."

"எங்க ஊர்ல இதுக்குக் காசு குடுக்கணும். இங்க கேக்கோட போச்சா! பெரிய நாடும்மா இது."

மே மாதம் கண்டுகொள்ளாமை ஆணையையும் இணைத்து, பழுதுபார்ப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தாள். தொடரத் தடையில்லை என்று பதில் வரும் என எதிர்பார்த்தாள். யோஸ்ட் கூப்பிட்டனுப்பினார். உண்மையிலேயே மனம் புண்பட்டவராக உட்கார்ந்திருந்தார். காபி வரவில்லை.

"எதைப் பழுது பாக்கணும்னு கேட்டிருக்கீங்க மேடம்?"

"வீடு தாழ்ந்துபோனதை."

"எது தாழ்ந்துபோனது?"

"நீங்களே அளந்தீங்களே, பதினொரு சென்டிமீட்டர்!"

"அதை நாங்க கண்டுக்கறதில்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கோமே." யோஸ்ட் அவள் பக்கம் சாய்ந்தார். "நல்லா யோசிங்க. இந்த விண்ணப்பத்தை நான் வாங்கிட்டா, கண்டுக்கிட்டேன்னு ஆயிடும். கண்டுக்கிட்டா ஆணை ரத்து. ஆணை ரத்தானா, வீட்டைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவான்னு உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பணும். கொண்டுவர்றதுக்கு அனுமதி கிடையாது. நான் உங்களை அந்த நிலைமைக்குத் தள்ளுவேனா?"

"இப்ப பதிமூணு ஆயிடுச்சு சார். போன வாரத்துல இருந்து..."

யோஸ்ட் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "சொல்லாதீங்க மேடம்! சொன்னா எனக்குத் தெரிஞ்சிடும்!"

வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள். பாடம் படிக்க ஒரு கல்லூரிப் பெண் வண்டியோட்டி இருக்கையில் காத்திருந்தாள். "எங்க போகணும்?" என்று கேட்டாள் அந்தப் பெண். ஹெர்மா சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு முன்னால் பார்த்தாள். அந்தப் பெண் இண்டிகேட்டரைப் போட்டபடியே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கோடையிலும் மழை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில், தெருவில் வண்டிச் சத்தம் இல்லாத நேரத்தில், நடைக்கூடத்தில் குப்புறப் படுத்துப் பலகையில் காதை வைத்துக் கேட்பாள். உள்ளே ஏதோ நெறிபடும். வயதானவர்கள் நாற்காலியிலிருந்து எழும்போது முழங்கால் சொடுக்குகிற மாதிரி. சுவரில் வந்த விரிசலுக்கு எதிரே இருக்கிற நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிற பழக்கத்தை விட்டாள். பிறகு சாப்பிடுகிற பழக்கமே குறைந்துபோயிற்று.

ஜூன் மாதம் ஒரு நாள், தோட்டத்து ஹோஸ் பைப்பை வீட்டுக்குள் இழுத்துவந்து, தரைப்பலகையைத் திறந்து, தூண்களின் தலை மூழ்கும்வரை தண்ணீர் விட்டாள். மறுநாளும் விட்டாள். தினமும் முதல் பாடத்துக்குக் கிளம்பும் முன் விட்டாள்.

ஸ்டான்லி படியில் நின்று பார்த்தார்.

"செடிக்கு ஊத்துவாங்க. மாட்டுக்குக் காட்டுவாங்க. வீட்டுக்குத் தண்ணி காட்டி இப்பத்தான் பாக்கறேன்."

"சிரிக்காதீங்க ஸ்டான்லி. இது ஒண்ணுதான் என் கையில இருக்கு."

"சிரிக்கலைம்மா. பைப்பைக் குடுங்க, நான் பிடிக்கறேன். உங்களுக்கு நேரமாச்சு."

ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் வீடு இறங்கவில்லை. பதினாலில் நின்றது. ஹெர்மா ஒரு கிலோ செர்ரிப்பழம் வாங்கி மாடிக்குக் கொண்டுபோனாள். இருவரும் சாய்ந்த மேசையில் கிண்ணத்தைக் கையால் பிடித்தபடி சாப்பிட்டார்கள்.

செப்டம்பரில் நீர்வாரியத்திலிருந்து பூஸெமான் என்பவர் வந்தார். நகராட்சிக் கட்டடத்தின் நிலத்தடிக் கார் நிறுத்துமிடத்தில் ஒரு சுவரில் ஈரம் ஏறி ஓதம் பிடித்திருந்தது. அந்த ஈரத்தின் வழியைத் தேடிக்கொண்டே வந்திருந்தார். பலகையைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது கண் கலங்கியிருந்தது.

"எவ்வளவு சீரான மட்டம்! யாருங்க பராமரிக்கறது?"

"நான்தான். தண்ணி இல்லன்னா தூண் மக்கிடும். வாய்க்கால்ல கொஞ்சம் மட்டத்தை ஏத்தினீங்கன்னா நான் ஏன் சார் ஊத்தப் போறேன்?"

"வாய்க்காலை ஏத்தினா கார் நிறுத்துமிடத்துக்குள்ள தண்ணி வருமே. அங்கதான எங்க வாரியத்தோட தொள்ளாயிரம் வருஷ வரலாறு கண்காட்சியா இருக்கு! வெள்ளத்துல இருந்து வீடுகளை எப்படிக் காப்பாத்தினோம்னு படமெல்லாம் மாட்டியிருக்கோம். நனைஞ்சிடாதா?"

"அப்ப என் வீடு?"

"மேடம், நிலத்துக்கு மேல ஓடற தண்ணி எங்களுது. குழாய்ல வர்றது குடிநீர்க் கம்பெனியோடது. மழைத்தண்ணி தெருவுல விழுந்தா நகராட்சியோடது. நிலத்துக்கு அடியில இருக்கறது யாருக்கும் சொந்தமில்லை. ஆனா அது இல்லாமப் போனா, அதோட விளைவு மட்டும் உரிமையாளருக்குச் சொந்தம். ரொம்பத் தெளிவான சட்டம். இந்த நாட்டுல ராஜா வர்றதுக்கு முன்னாடியே நாங்க இதை எழுதிட்டோம்."

பிறகு அவர் ஒரு விஷயத்தை மகிழ்ச்சியோடு தெரிவித்தார். சுற்றுப்புறத்தைவிட வேறு மட்டத்தில் தண்ணீரை நிறுத்திவைக்கிற நிலம் எதுவானாலும், சட்டப்படி அது ஒரு போல்டர். போல்டர் என்றால் அதற்கு ஒரு நிர்வாகக் குழு வேண்டும். குழுவுக்குத் தேர்தல் வேண்டும். தேர்தல் நடத்தாமல் தண்ணீர் விடுவது குற்றம்.

"இது என் வீட்டு நடைக்கூடம் சார்."

"பெரிய போல்டரும் ஒரு காலத்துல சின்னதா இருந்ததுதான் மேடம்."

அக்டோபரில் ஸ்லோட்வெக் போல்டரின் தேர்தல் நடந்தது. ஹெர்மாவின் முன்னறையில் காலை ஏழரைக்கே வாக்குப்பெட்டி வைத்தார்கள். சிவப்புப் பென்சிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஹெர்மா அன்றைய பாடங்களை எல்லாம் ரத்து செய்துவிட்டுக் காத்திருந்தாள். வாக்காளர்கள் இரண்டு பேர். இருவரும் எட்டு மணிக்குள் வாக்களித்துவிட்டார்கள். ஆனாலும் வாக்குப்பதிவை இரவு ஒன்பதுக்கு முன்னால் முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. தேர்தல் அலுவலர்கள் மூவரும் ஹெர்மாவின் பட்டாணிச் சூப்பைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாராவது எட்டிப் பார்த்தால் வேட்பாளரைப் பற்றிப் பேசக் கூடாது என்று எச்சரித்தார்கள்.

உரிமையாளர் தலைவராகக் கூடாது என்பது விதி. எனவே ஸ்டான்லி ஒருமனதாகப் போல்டரின் தலைவரானார். பூஸெமான் அவர் கழுத்தில் வெள்ளிச் சங்கிலியைப் போட்டார். வாக்குப்பதிவு நூறு சதவீதம். நாட்டிலேயே இதுதான் அதிகம் என்று வாரியத்தின் செய்திமடலில் வந்தது. குழுவுக்கு மூன்றாவது உறுப்பினர் கிடைக்காததால் மேலிடத்திலிருந்து பூஸெமானையே நியமித்தார்கள்.

"ஹவுஸ் ஓனரம்மா, இனிமே நான் கீழ வரும்போது நீங்க எழுந்து நிக்கணும்," என்றார் ஸ்டான்லி.

"தலைவரே, தண்ணியைத் திறக்கலாமா? அதை மட்டும் சொல்லுங்க."

"தாராளமா திறங்க! இது என் முதல் உத்தரவு."

பூஸெமான் தொண்டையைச் செருமினார். "தலைவர் உத்தரவு போட முடியாதுங்க. போல்டர்ல எதையும் எல்லாரும் சேர்ந்துதான் முடிவு பண்ணணும். ஒருத்தருக்குக்கூட வருத்தம் இருக்கக் கூடாது. அதுதான் இந்த நாட்டோட அழகு. சம்பந்தப்பட்டவங்க எல்லாரையும் கூப்பிட்டுப் பேசற வரைக்கும் பைப்புக்கு முத்திரை வெச்சுடறேன். தற்காலிகமாத்தான்."

ஹோஸ் பைப்பின் வாயை ஈயத்தால் அடைத்து முத்திரை வைத்தார்கள்.

முதல் கலந்தாய்வு நவம்பரில் நடந்தது. சம்பந்தப்பட்ட தரப்பு என்ற முறையில் யோஸ்ட்டும் தன் பிஸ்கட் டப்பாவோடு வந்திருந்தார். அவருடைய கார் ஓதம் பிடித்த அந்தச் சுவர் பக்கம்தான் நிற்கும். எல்லோருக்கும் மஞ்சளிலும் பச்சையிலும் ஒட்டுச்சீட்டுகள் தந்தார்கள். மஞ்சளில் கவலைகளை எழுத வேண்டும். பச்சையில் கனவுகளை.

ஹெர்மா மஞ்சளில் 'வீடு விழுந்துவிடும்' என்று எழுதினாள். பச்சையில் 'வீடு விழக் கூடாது' என்று எழுதினாள். ஸ்டான்லி பச்சையில் 'சமமான அடுப்பு' என்று எழுதினார்.

யோஸ்ட் அவற்றைச் சுவரில், விரிசலின் மேலாகவே, வரிசையாக ஒட்டினார்.

"பாருங்க, எவ்வளவு அருமையா இருக்கு! கவலையும் கனவும் ஒரே விஷயத்தைப் பத்திப் பேசுது. நாம ஏற்கெனவே பாதி ஒத்துப்போயிட்டோம்."

"தண்ணி திறக்க யாருக்காவது வருத்தம் இருக்கா?" என்று கேட்டாள் ஹெர்மா. "இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"வருத்தம்னு இல்லை," என்றார் யோஸ்ட். "சுவர் நனையுது. அவ்வளவுதான். ஆனா உங்க உணர்வை மதிக்கறேன். உங்க உணர்வை இன்னும் ஆழமா மதிக்கறதுக்கு அடுத்த கூட்டத்துல ஒரு தனி நேரம் ஒதுக்கணும்னு முன்மொழியறேன்."

டிசம்பரில் உணர்வுகளுக்கு நேரம் ஒதுக்கினார்கள். ஜனவரியில், டிசம்பரில் பேசியது சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பேசினார்கள். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. வீடு இருபதைத் தாண்டியது. மாடிக் குளியலறைத் தொட்டியில் தண்ணீர் ஒரு மூலையில்தான் நின்றது. ஸ்டான்லி அந்த மூலையில் உட்கார்ந்து குளித்தார். அவர் இப்போது கேலி பேசுவதைக் குறைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அந்தச் சங்கிலியைக் கழற்றி ஹெர்மாவின் மேசைமேல் வைத்தார்.

"பதவியை விட்டுடறேன்மா. நான் இல்லன்னா கூட்டம் நடக்காது. கூட்டம் நடக்கலன்னா முத்திரையை எடுத்துடுவாங்கல்ல?"

"குழு இல்லன்னா போல்டர் இல்லை. போல்டர் இல்லன்னா தண்ணி விடறதே குற்றம். நான் கேட்டுட்டேன்."

"யாரைக் கேட்டீங்க?"

"பூஸெமானை. என்கூட ஒரு மணி நேரம் யோசிச்சார்."

ஸ்டான்லி சங்கிலியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

ஹெர்மா முத்திரையைத் தானே உடைத்துவிட நினைத்தாள். கையில் குறடோடு நின்றாள். உடைத்தால் குற்றவழக்கு. குற்றவழக்கு வந்தால் ஓட்டுநர் பயிற்சி உரிமம் போய்விடும். போனால் சாப்பாட்டுக்கு வழி இல்லை. குறடை இழுப்பறையில் வைத்துவிட்டுச் சாத்தினாள். அது தானாகத் திறந்துகொண்டு முன்னால் வந்தது.

பிப்ரவரிக் கூட்டத்தில் பூஸெமான் நடுநிலையான ஒரு தீர்வைக் கொண்டுவந்திருந்தார். தண்ணீரைத் தூண்தலைக்கு மேலேயும் வைக்க வேண்டாம், கீழேயும் வைக்க வேண்டாம். பாதித் தலையில் வைக்கலாம். இரண்டு தரப்புக்கும் சமமான வலி. இதை அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது வீடு இறங்கியது.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. கனமான ஒருவர் சோபாவில் உட்கார்ந்ததுபோல ஒரு பெருமூச்சு. மேசைமேல் இருந்த நான்கு காபிக் கோப்பைகளும் ஒரே சமயத்தில் தெருப்பக்கமாக நகர்ந்தன. நால்வரும் அவரவர் கோப்பையைப் பிடித்துக்கொண்டார்கள். மேலே ஸ்டான்லியின் அடுப்பு உருண்டு எதிலோ மோதியது. சுவரில் இருந்த ஒட்டுச்சீட்டுகளில் கவலைகள் ஒரு பக்கமும் கனவுகள் மறுபக்கமுமாக விரிசல் அகன்றது. விரிசலின் வழியே சந்தும், சந்தில் பெய்துகொண்டிருந்த மழையும் தெரிந்தன.

கூட்டக் குறிப்பில் 'சிறு இடைவேளை' என்று எழுதினார் பூஸெமான்.

ஹெர்மா எழுந்து யோஸ்ட்டின் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டாள். அவள் குரல் உயர்ந்ததை அந்த ஊரில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை.

"பாருங்க! ஒரே ஒரு தடவை திரும்பிப் பாருங்க! உங்களுக்குப் பின்னாடிதான் இருக்கு. சந்து தெரியுது. மழை தெரியுது. பாத்தேன்னு மட்டும் சொல்லுங்க, நோட்டீஸ் அனுப்புங்க, கேஸ் போடுங்க, ஜெயில்ல போடுங்க. எதுவா இருந்தாலும் பரவாயில்லை. இது விழுந்துக்கிட்டு இருக்குன்னு யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லுங்க!"

யோஸ்ட் அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வாங்கிக்கொண்டார். அவர் கண்ணில் இருந்தது உண்மையான பரிவு. அவருடைய முதுகில் மழை தெறித்துக்கொண்டிருந்தது.

"மேடம், உங்களுக்கு வேண்டாதவனா இருந்தா எப்பவோ பாத்திருப்பேன். நான் உங்க பக்கம் இருக்கறவன். அதனாலதான் திரும்பலை."

"யோவ்!" என்றார் ஸ்டான்லி. "சட்டை நனையுதய்யா உனக்கு!"

"அதையும் நான் கண்டுக்கலை சார்."

தெருவில் போன ஒரு பெண் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டாள். அவர்கள் யார் ஆணையையும் படிக்கவில்லை. ஏணியை வைத்து ஜன்னல் வழியாக நால்வரையும் இறக்கினார்கள். யோஸ்ட் கடைசியாக இறங்கினார். பிஸ்கட் டப்பாவையும் மறக்காமல் எடுத்துவந்தார். ஹெர்மா மழையில் எதிர்ச்சாரியில் நின்றாள். ஒரு தீயணைப்பு வீரன் போர்வையைப் போர்த்திவிட்டு, "உள்ள ஏதாவது முக்கியமானது இருக்கா?" என்று கேட்டான். ஹெர்மா போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"வீடுதான்," என்றாள்.

இடிப்பதற்கான அனுமதி இரண்டு நாளில் வந்தது. மார்ச் முதல் வாரத்தில் 14ஆம் எண் இடிக்கப்பட்டது. ஸ்டான்லி பினாஸ் ரோட்டர்டாமில் மகள் வீட்டில் இருக்கிறார். ஹெர்மா ஸ்லோட்வெக் ஊரின் வடக்கு எல்லையில் ஒரு கான்கிரீட் குடியிருப்பின் ஆறாவது மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறாள். அவளுடைய வாடகை ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கானது.